அப்பாவின் தோட்டமும் ஓர் ஆங்கிலச் சொல்லும்

கனடாவின் ஸ்காபரோவில், புதிதாகக் குடியேறியவர்களுக்கான இலவச ஆங்கில வகுப்பில், ஆசிரியை பலகையில் 'லூக்ரற்றிவ்' (lucrative) என்ற சொல்லை எழுதி, நல்ல ஆதாயம் தருவது என்று பொருள் சொல்லி, ஆளுக்கொரு வசனம் கேட்டார். "என் அப்பா ஒரு லூக்ரற்றிவ் விவசாயி" என்று எழுதிக் கொடுத்தேன். அவர் அந்தச் சொல்லின் கீழே கோடிட்டு, தொழில், ஒப்பந்தம், சந்தை போன்றவற்றுக்கே இதைச் சொல்வார்கள், ஆளுக்குச் சொல்வதில்லை என்று விளக்கிவிட்டு, "உங்கள் அப்பாவின் தோட்டம் லூக்ரற்றிவ்வாக இருந்ததா?" என்று கனிவோடுதான் கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

யாழ்ப்பாணத்தில் உழைப்பு என்றால் பாடுபடுவதும் அதுதான், சம்பாதிப்பதும் அதுதான். "பெடியன் கனடாவிலை நல்லா உழைக்கிறான்" என்று அம்மா அயலில் சொல்லும்போது, கை நோவும் கைக்காசும் அந்த ஒரு சொல்லுக்குள் சேர்ந்தே வருகின்றன. லாபத்தைக் குறிக்கும் 'லுக்ரம்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த இந்த ஆங்கிலச் சொல்லோ வரவை மட்டுமே பார்க்கிறது. பாடுபட்டவனை அது கேட்பதில்லை. இந்த வேறுபாடு இன்றும் என் மனத்தை உறுத்துகிறது.

இப்போது எனக்கு அந்தச் சொல் நன்றாகப் பழகிவிட்டது. இங்கே ஒன்ராறியோ மாகாணத்தில் பெரும்பாலான வேலைகளில் வாரத்துக்கு 44 மணித்தியாலத்துக்கு மேல் உழைத்தால் ஒன்றரை மடங்கு கூலி உண்டு. வெதுப்பகத்தில் இரவு வேலை செய்யும் நான், நத்தார்க் கால மேலதிக வேலை லூக்ரற்றிவ் என்று சக தொழிலாளியிடம் தடையின்றிச் சொன்ன நாளில், இந்த ஊர் எனக்குப் பிடிபட்டுவிட்டது என்றே மகிழ்ந்தேன். ஆனால் அன்று விடிகாலையில் பேருந்துக்குக் காத்து நின்றபோது, கையுறைக்குள் ஒட்டியிருந்த மாவைத் தட்டிய கணத்தில், வெங்காயச் செம்மண் படிந்த அப்பாவின் நகங்களே கண்முன் வந்தன.

விலை விழுந்த ஒரு போகத்தில், சுன்னாகம் சந்தையிலிருந்து திரும்பிய அவர், வெறும் சாக்குகளை மடித்துச் சைக்கிள் கரியரில் கட்டியிருந்தார். அம்மா கணக்குக் கேட்கவில்லை, தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அப்பா அதைக் குடித்துவிட்டு, விதைக்கென்று கூரை வளையில் கட்டித் தொங்கவிட்டிருந்த வெங்காயப் பிடிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணத் தொடங்கினார்.