பத்துக்குப் பத்து

நியூஜெர்சியில் வீடு தேடிய நாட்களில் சமையலறையைக்கூட நாங்கள் சரியாகப் பார்க்கவில்லை. இணையத்தில் வரும் வீட்டு விளம்பரத்துக்குக் கீழே அந்தப் பகுதிப் பள்ளிக்கூடத்துக்குப் பத்துக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண் போட்டிருப்பார்கள். கண் முதலில் அங்கேதான் போகும். ஏழு என்றால் என் வீட்டுக்காரர் அடுத்த வீட்டுக்குத் தாவிவிடுவார். கடைசியில் பிரின்ஸ்டன் பக்கத்தில், வெஸ்ட் விண்ட்சர்-பிளைன்ஸ்பரோ பள்ளி மாவட்டத்துக்குள் ஒரு டவுன்ஹவுஸ் வாங்கினோம். இட்லிப்பானை வைக்க அலமாரியில் இடமில்லை. அதனால் என்ன, பத்துக்குப் பத்து!

ஊரில் ஒன்றியப் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். “அங்க யாரு வீட்டுப் பிள்ளைங்கம்மா படிக்குது?” என்று கேட்டார். பேச்சை மாற்றுகிறார் என்றுதான் நினைத்தேன்.

2015-இல் எங்கள் பள்ளி மாவட்டத்தின் தலைமை அதிகாரி டேவிட் அடர்ஹோல்ட் பெற்றோருக்கு 16 பக்கக் கடிதம் ஒன்று எழுதினார். அப்போது ஏறக்குறைய 9,700 பிள்ளைகள் படித்த மாவட்டம். அதற்கு முந்தைய கல்வியாண்டில் 120 மாணவர்களை மனநலப் பரிசோதனைக்குப் பரிந்துரைக்க வேண்டியிருந்தது, 40 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள் என்று அதில் இருந்தது. பன்னிரண்டு வருடப் படிப்பில் தான் கற்றது ஒன்றே ஒன்று, எதைவிடவும் மதிப்பெண்தான் பெரிது என்று ஒரு பிள்ளை எழுதிக் கொடுத்திருந்ததாம்.

அப்புறம் மாற்றங்கள் வந்தன. உயர்நிலைப் பள்ளியில் அரையாண்டு, முழுஆண்டுப் பரீட்சைகள் போயின. வீட்டுப்பாடமே இல்லாத இரவுகள் வந்தன. நாலாம் வகுப்பிலேயே தொடங்கும், மேல்வகுப்புக் கணக்கை முன்கூட்டியே சொல்லித்தரும் வேகக் கணக்கு வகுப்பையும் நிறுத்தினார்கள். அதில் இருந்தவர்களில் 90 சதவீதம் ஆசியப் பிள்ளைகள். என் மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. அந்த வகுப்பில் சேர்வதற்காகச் சனிக்கிழமைதோறும் டியூஷன் போய்க்கொண்டிருந்தாள், பணமும் முழுதாகக் கட்டியாகிவிட்டது. 40 பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் கிடந்த கதையைக் கேட்டும் என் வாயில் முதலில் வந்தது, “அப்போ கணக்கு கிளாஸ்?” என்பதுதான். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

இந்த மாற்றங்களில் ஆசியப் பெற்றோர் ஒரு பக்கம், வெள்ளைக்காரப் பெற்றோர் ஒரு பக்கம் என்று பத்திரிகையில் வந்தது. முழுப் பொய் இல்லை. 2007-இல் 44 சதவீதமாக இருந்த ஆசிய மாணவர்கள் 2015-க்குள் 65 சதவீதம் ஆகியிருந்தார்கள். ஆனால் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே இரண்டு கட்சி இருந்தது. இரண்டுமே தமிழ்க் கட்சிகள். என் வீட்டுக்காரர் கடிதத்தின் பக்கம், நான் டியூஷனின் பக்கம்.

அந்த 65-ஐப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் பாதிப் பேர் ஹெச்1பி வேலை விசாவில் வந்தவர்கள். அதற்கே குறைந்தது ஒரு பட்டம் வேண்டும். மாஸ்டர்ஸ் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அரிசியைக் களைந்து கல் பொறுக்கி உலையில் போட்டுவிட்டு, பானை நல்ல பானை என்று மெச்சுவது மாதிரிதான் இந்த மதிப்பெண். பிள்ளையின் தேர்ச்சியில் பள்ளியைவிடக் குடும்பப் பின்னணியின் கை பெரிது என்று 1966-இலேயே அமெரிக்க அரசுக்காக நடந்த பள்ளி ஆய்வான கோல்மன் அறிக்கை சொல்லிவிட்டது. அப்பா அதைப் படித்திருக்க மாட்டார். ஆனால் அவர் கேட்டது அதைத்தான். எங்கள் பெட்டிகளில் நாங்களே கொண்டுவந்த பத்தைத்தான், வீட்டு விலை கொடுத்தும், வருடாவருடம் பள்ளிக்கும் சேர்த்துச் சொத்து வரி கட்டியும் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறோம். ஆசிரியர்கள் நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள், அதில் குறையில்லை. அதற்காக அந்தப் பத்து முழுவதும் அவர்கள் போட்டது ஆகிவிடாது.

காரில் இருபது நிமிடம் போனால் டிரென்டன், மாநிலத் தலைநகரம். ஏழைக் குடும்பங்கள் நிறைந்த அந்த ஊரின் பள்ளிகளுக்கும் பணக்காரப் புறநகர்ப் பள்ளிகளுக்குச் சமமாகச் செலவிட வேண்டும் என்று 1990-இல், ஆபட் வழக்கில், மாநில உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாநில அரசின் பணம் அந்தப் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. மதிப்பெண் இடைவெளி மட்டும் இன்னும் மூடவில்லை. இத்தனை வருடத்தில் நான் டிரென்டனுக்குப் போனது இரண்டே தடவை, இரண்டும் ஏதோ அரசாங்க அலுவலக வேலையாக.

மகள் வேகக் கணக்கு இல்லாமலே வளர்ந்தாள். சனிக்கிழமைகளில் வயலினைக் கீச்சினாள், இரண்டு வருடம், காது கூசக் கூச. இப்போது கல்லூரியில் முதல் வருடம்.

போன மாதம் பக்கத்து வீடு விற்பனைக்கு வந்தது. பார்க்க வந்தது ஒரு கோயம்புத்தூர்க்காரத் தம்பதி, தள்ளுவண்டியில் கைக்குழந்தை. “ஸ்கூல் எல்லாம் எப்படிங்க அக்கா?” என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கணவர் ஃபோனைப் பார்த்துச் சொன்னார், “பத்துதான் காட்டுது.”

சரி என்று, “சமையலறையைப் பார்த்துட்டீங்களா? இட்லிப்பானை வைக்க இடமிருக்காது” என்றேன். இரண்டு பேரும் சிரித்தார்கள்.