புளோக்கிலிருந்து ரயில் நிலையம் வரை

தம்பி போன வாரம் மறுபடியும் கார் பேச்சை எடுத்தான். அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் வலி, தேக்காவுக்கும் கோயிலுக்கும் கூட்டிப்போக ஒரு கார் இருந்தால் நல்லது என்கிறான். அவன் அக்கறை புரிகிறது. ஆனால் கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்க வேண்டிய, பத்து வருடம் மட்டுமே செல்லும் சிஓஇ சான்றிதழே சில ஏலங்களில் 100,000 வெள்ளியைத் தாண்டிய சிங்கப்பூரில், பக்கத்திலேயே ரயிலை வைத்துக்கொண்டு நாம் ஏன் கார் வாங்க வேண்டும்?

நாங்கள் இருப்பது புவாங்கோக். வடகிழக்கு ரயில் பாதை 2003 ஜூனில் திறந்தபோது எங்கள் நிலையம் கட்டி முடித்தும் பூட்டியே கிடந்தது, சுற்றிலும் போதுமான வீடுகள் இல்லை என்று காரணம் சொன்னார்கள். 2005ல் ஓர் அமைச்சர் வந்த நாளில் நிலையம் வீண் செலவாகக் கிடக்கிறது என்று குத்திக்காட்ட யாரோ அட்டையில் எட்டு வெள்ளை யானைகளை வெட்டி அங்கே நட்டுவைத்தார்கள். ஒருவழியாக 2006 ஜனவரியில் திறந்தது. முதல் வாரமே அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு ரயிலேறினார். எங்கும் மாற வேண்டாம், அப்போது ஏழாவது நிறுத்தமே தேக்கா இருக்கும் லிட்டில் இந்தியா.

இப்போதும் ரயிலில் அவருக்கு ஒரு சிரமமும் இல்லை. லிஃப்ட் இருக்கிறது, உட்கார இடமும் கொடுக்கிறார்கள். அவரைத் தடுப்பது நிலையத்துக்கு நடந்து போகும் அந்தத் தூரம்தான். 2013ல் தொடங்கிய திட்டத்தில் ரயில் நிலையங்களைச் சுற்றி 400 மீட்டர் வரை நடைபாதைக்குக் கூரை போட்டார்கள், எவ்வளவு பெரிய உதவி அது! எங்கள் அடுக்குமாடி புளோக் அந்தக் கணக்குக்குச் சற்று வெளியே விழுகிறது. பாதி வழி வெயில், மழை வந்தால் நனைய வேண்டியதுதான். அப்புறம் ஒரு சிக்னல். மூத்தோர் அட்டையைத் தட்டினால் பச்சை விளக்கு கூடுதலாகச் சில விநாடி எரியும் வசதி பல இடங்களில் உண்டு, நாங்கள் கடக்கும் இடத்தில் இல்லை. அம்மா நடுச்சாலையில் இருக்கும்போதே விளக்கு மினுக்க ஆரம்பித்துவிடும், என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்.

2030க்குள் பொதுப் பேருந்துகளில் பாதியை மின்சாரத்துக்கு மாற்றப் போகிறார்கள், மனதார வரவேற்கிறேன். ஆனால் வெயிலுக்குப் பயந்து அம்மா டாக்சி கூப்பிட்டால் அந்தப் பேருந்தால் என்ன பயன்?

சனிக்கிழமை நேரம் பார்த்தேன். எனக்கு 7 நிமிடம், அம்மாவோடு 16. இதை எழுதி எடுத்துக்கொண்டு எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் அடுத்த மக்கள் சந்திப்புக்குப் போகிறோம், தம்பியும் வருகிறான். கூரையும் சிக்னலில் மூத்தோர் அட்டையைத் தட்டும் அந்தக் கருவியும் கேட்கப் போகிறேன் என்றதும் அம்மா சொன்னார்: "நடுவுல உக்கார ஒரு பெஞ்சும் சேத்துக் கேளுப்பா."