அம்மாவுக்குக் காய்ச்சலே வரவில்லை

தைப்பூச ரதம் புறப்படும் நாளன்று விடிவதற்கு முன்பே அம்மா குளித்து, மஞ்சள் புடவை கட்டி, வாசலில் நின்றார். பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் போய் ஆறு வருடம் ஆகிவிட்டது. முடக்குவாதம் விரல்களையும் முழங்கால்களையும் பிடித்த பிறகு, ஜெலுத்தோங் மார்க்கெட்டுக்கு நடந்து போவதே அவருக்குப் பெரும்பாடு. போன ஆகஸ்டில்தான் டாக்டர் டோசிலிசுமாப் என்ற மருந்தை ஆரம்பித்தார். நான்கு வாரத்துக்கு ஒரு முறை, ஒரு மணி நேரம் டிரிப்பில் ஏறும். மூன்றாவது டிரிப்புக்குப் பிறகு ஒரு காலையில் அம்மா தன் கையாலேயே தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நான் வேலைக்குப் போகாமல் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த மருந்தின் மேல் எனக்கு எவ்வளவு நன்றி இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டத்தோ கெராமாட் சாலையில் ரதத்துக்கு முன்னால் மலைபோலக் குவித்த தேங்காய்களை உடைத்தார்கள். பினாங்குக்காரர்களுக்குத் தெரியும், அன்றைக்குச் சாலை முழுக்க ஓட்டுச் சில்லுகளும் இளநீருமாகக் கிடக்கும். அம்மா வெறுங்காலோடு நடந்தார். வலது உள்ளங்காலில் ஒரு சில்லு கீறியது. ரத்தம் அதிகம் இல்லை. கழுவி, மஞ்சள் வைத்து, பிளாஸ்டர் ஒட்டினோம்.

மூன்றாம் நாள் “லேசா வலிக்குதுய்யா” என்றார். பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். உடல் சூடு 36.8. விரல் நுனியில் ரத்தம் எடுத்து, கிருமித் தொற்று இருந்தால் ஏறும் சி.ஆர்.பி. என்ற புரதத்தைப் பார்த்தார்கள், ஒன்றுக்கும் கீழே. நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒரு களிம்பு கொடுத்து அனுப்பினார்கள். முடக்குவாதத்துக்கு என்ன மருந்து என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆறாம் நாள் இரவு அம்மாவின் சிலிப்பர் காலில் நுழையவில்லை. கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்தேன். பாதத்தின் மேல்பக்கம் பளபளவென்று வீங்கியிருந்தது. கணுக்கால் எலும்பைத் தாண்டி மங்கலான சிவப்புக் கோடு ஒன்று மேலே ஏறியிருந்தது. புண்ணின் ஓரத்தை மெல்ல அழுத்தியதும் மஞ்சளாகச் சீழ் வந்தது. நெற்றியில் கை வைத்தால் சில்லென்று இருக்கிறது. அந்தக் குளிர்ச்சிதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் மருந்துப் பட்டியலைப் பார்த்ததும் நிமிர்ந்தார். “அம்மா, கடைசி டிரிப் எப்போ போட்டீங்க?” பன்னிரண்டு நாள் ஆகிறது என்றேன். “அப்போ காய்ச்சலையும் சி.ஆர்.பி.யையும் நம்ப முடியாது” என்று சொல்லிவிட்டு நேராகக் காலைப் பார்க்கக் குனிந்தார்.

அன்றிரவிலிருந்து நான் படித்ததும் டாக்டர்களிடம் கேட்டதும் இதுதான். தோல் கிழிந்து பாக்டீரியா நுழைந்தால், அங்கே காவலிருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற பெரிய விழுங்கும் செல்கள் அதை முதலில் கண்டுகொள்கின்றன. உடனே சைட்டோகைன்கள் என்ற சிறு புரதங்களை வெளியே விடுகின்றன. அவை ஒரு செல் மற்ற செல்களுக்கு அனுப்பும் சேதிகள். டி.என்.எஃப். என்ற சேதி பக்கத்து ரத்தக்குழாயின் சுவரை நெகிழ்த்தி, ஒட்டும்படி ஆக்குகிறது. ஓடிக்கொண்டிருக்கும் வெள்ளணுக்கள் அதில் ஒட்டி, இடுக்கு வழியாக வெளியேறிப் புண்ணுக்குப் போகின்றன. இன்டர்லூக்கின்-8 எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அவற்றுக்கு வழிகாட்டுகிறது. இன்டர்லூக்கின்-6 தூரத்துக்குப் போகும் சேதி. மூளைக்குப் போய்ச் சூட்டை ஏற்றுவதில் அதற்குப் பங்கு உண்டு. கல்லீரலுக்குப் போய் சி.ஆர்.பி.யைச் செய்யச் சொல்கிறது.

அம்மாவின் மருந்து அடைப்பது அந்த இன்டர்லூக்கின்-6 வந்து உட்காரும் இடத்தைத்தான். 1986இல் ஜப்பானின் ஒசாகாவில் கிஷிமோட்டோ, ஹிரானோ குழுவினர் அதன் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். அந்த ஆராய்ச்சியின் தொடர்ச்சியாக வந்த மருந்து இது. மூட்டுகளைத் தின்றுகொண்டிருந்த சேதியும் கல்லீரலை எழுப்பும் சேதியும் ஒன்றேதான். ஒன்றை நிறுத்தினால் மற்றதும் நின்றுவிடும். மற்றவர்களுக்கு இப்படி ஒரு புண் வந்தால் சி.ஆர்.பி. நூறைத் தாண்டலாம். அம்மாவுக்கு அசையவே இல்லை.

நான் பாயான் லெப்பாஸில் மெஷின் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். சென்சாரின் வயரைக் கழற்றிவிட்டால் உள்ளே மோட்டார் கருகினாலும் திரையில் பச்சை விளக்குதான் எரியும். முதலில் அப்படித்தான் இதைப் புரிந்துகொண்டேன். ஆனால் அது பாதிதான் சரி. சி.ஆர்.பி. வெறும் விளக்கு இல்லை. 1930இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் ஆய்வகத்தில் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் அதைக் கண்டபோதே, அது நிமோனியா கிருமியின் சர்க்கரைப் பொருள் ஒன்றோடு போய் ஒட்டிக்கொள்வதைத்தான் பார்த்தார்கள். கிருமியின் மேல் ஒட்டி, விழுங்கும் செல்களுக்கு அடையாளம் காட்டும் வேலையும் அதற்கு இருக்கிறது. இந்த மருந்தில் வெள்ளணு எண்ணிக்கையும் சிலருக்குக் குறையும். அதாவது அறிகுறி மறைவதோடு காவலும் கொஞ்சம் தளர்கிறது.

டி.என்.எஃப்.ஐத் தடுக்கும் மருந்துகளும் உண்டு. அம்மாவுக்கு முதலில் அதைத்தான் யோசித்தார்கள். ஆனால் தாத்தாவுக்குத் தோட்டத்தில் இருந்தபோது டி.பி. வந்தது, சிறுவயதில் அம்மா அதே வீட்டில் வளர்ந்தவர். உடல் ஒழிக்க முடியாத டி.பி. கிருமியைச் செல்களால் சுவர் கட்டி அடைத்து வைத்திருக்கும். அந்தச் சுவரை நிற்க வைப்பது டி.என்.எஃப்.தான். அதைத் தடுத்தால் சுவர் இடிந்து, பழைய கிருமி எழுந்துவிடலாம். அந்த வகை மருந்தான இன்ஃப்ளிக்சிமாப் போட்டுக்கொண்ட 70 பேருக்கு டி.பி. வந்ததாக 2001இல் ஓர் அறிக்கை வெளியான பிறகு, முதலில் டி.பி. பரிசோதனை என்பது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு சேதிக்கும் ஒவ்வொரு வேலை, அதனால் எதை நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்து எந்தக் கிருமிக்குப் பயப்பட வேண்டும் என்பதும் மாறுகிறது. இதை யாராவது எனக்கு ஆகஸ்டிலேயே உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாம்.

சீழ் வந்ததே ஒரு நல்ல சேதி என்றார் டாக்டர். சீழ் என்பது பெரும்பாலும் சண்டை போட்டுச் செத்த வெள்ளணுக்கள். மற்ற சைட்டோகைன்கள் வேலை செய்து அவற்றைப் புண்வரை கொண்டு வந்து சேர்த்திருக்கின்றன. கீறிச் சுத்தம் செய்தார்கள். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா என்று ரிப்போர்ட் வந்தது. ஐந்து நாள் குளோக்சசிலின் என்ற ஆன்டிபயாடிக் நரம்பில் ஏறியது. டோசிலிசுமாப்பை நிறுத்தி வைத்தார்கள்; அது உடலை விட்டுப் போகவே சில வாரம் ஆகும் என்பதால், தினமும் வந்து காலை மட்டுமே பார்த்தார்கள்.

இப்போது அம்மாவின் பர்ஸில் ஓர் அட்டை இருக்கிறது. மருந்தின் பெயர், கடைசியாகப் போட்ட தேதி, காய்ச்சல் இல்லாமலே கிருமித் தொற்று வரலாம் என்ற வரி. தமிழிலும் மலாயிலும் எழுதி வைத்தேன். பல் டாக்டரிடம் போனாலும் அதை முதலில் நீட்டுகிறோம். இரவில் சாப்பிட்டு முடித்ததும் அம்மா நாற்காலியில் காலை நீட்டுவார், நான் விரல் இடுக்குவரை விளக்கடித்துப் பார்ப்பேன்.

புண் மூடிய பிறகு, போன வாரம் மறுபடியும் டிரிப் போடப் போனோம். தாதி வழக்கம்போல, “ஆன்ட்டி, காய்ச்சல் இருக்கா?” என்று கேட்டார்.

“என்னைக் காய்ச்சல் கேக்காதம்மா, காலப் பாரு” என்று அம்மா செருப்பைக் கழற்றினார்.