மூன்றாவது கோப்பை

எத்தியோப்பியாவின் தலைநகர் அடிஸ் அபாபாவிலிருந்து தெற்கே ஏறக்குறைய 400 கிலோமீட்டர். ஹவாசா நகரைத் தாண்டி, காப்பிக்குப் பேர்போன யிர்காசெஃபே போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. காலையில் எழுந்து காப்பித் தோட்டம் எங்கே என்று தேடினேன். வரிசை வரிசையாகச் செடி வைத்த எஸ்டேட் மனதில் இருந்தது. இங்கே வீட்டுக் கொல்லைதான் தோட்டம். உயர்ந்த மரங்கள், அவற்றின் நிழலில் வாழையைப் போலவே இருக்கும் என்செட், அதற்கு நடுவே காப்பி. என்செட்டில் தின்னப் பழம் கிடைக்காது. தண்டையும் கிழங்கையும் சுரண்டி, புளிக்க வைத்து ரொட்டி சுடுகிறார்கள். வயிற்றுக்கு என்செட், கைக்காசுக்குக் காப்பி. இந்தப் பகுதியின் கெடியோ மக்கள் தலைமுறைகளாகக் காத்துவரும் இந்த நிலத்தை யுனெஸ்கோ 2023-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

நான் போனது டிசம்பர், அறுவடைக் காலம். கால் நட்டு வலை விரித்த நீளமான மேடைகளில், தோல் நீக்கி அலசிய கொட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. இருபுறமும் பெண்கள் நின்று பொறுக்கினார்கள். உடைந்தது, கறுத்தது, பூச்சி அரித்தது எல்லாம் தனியே போகிறது. நானும் கொஞ்ச நேரம் பொறுக்கினேன். நல்லது என்று நான் விட்ட ஒரு கொட்டையைப் பக்கத்தில் நின்ற அம்மா எடுத்துத் திருப்பிக் காட்டினார். குண்டூசி முனை அளவுக்கு ஓர் ஓட்டை!

எத்தியோப்பியாவின் ஏற்றுமதி வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்தக் கொட்டையிலிருந்து வருகிறது. விளைவிப்பவர்கள் பெரும்பாலும் இப்படிக் கொல்லை அளவு நிலம் வைத்திருப்பவர்கள். ஆனால் இங்கே விளையும் அராபிகா வகைக் காப்பியின் விலை நியூயார்க் சந்தையைப் பார்த்தே ஏறி இறங்குகிறது. இது எனக்குப் பெரிய அநியாயமாகத்தான் படுகிறது. தேறிய கொட்டை கப்பலேறும், கழித்தது உள்ளூர்ச் சந்தைக்கு வரும். அப்படியிருந்தும் விளைச்சலில் பாதியளவை இந்த நாட்டுக்காரர்களே குடித்துவிடுகிறார்கள். பக்கத்திலிருக்கும் கென்யாவிலும் அருமையான காப்பி விளைகிறது, ஆனால் அங்கே வீட்டில் கொதிப்பது தேநீர்.

மதியம் எங்கள் ஓட்டுநரின் உறவினர் வீட்டில் காப்பிக்கு அழைத்தார்கள். தரையில் பச்சைப் புல் பரப்பியிருந்தது. வீட்டுக்காரம்மா தன் மரத்துக் கொட்டையைக் கழுவி, இரும்புத் தட்டில் போட்டுக் கரி அடுப்பில் வறுத்தார். கொட்டை வெடித்து எண்ணெய் மினுங்கியதும் தட்டைத் தூக்கி ஒவ்வொருவர் முகத்துக்கு நேரேயும் கொண்டுவந்தார். புகையைக் கையால் அள்ளி முகர வேண்டும். அப்புறம் சாம்பிராணி போட்டார். எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமை வாசனை! உரலில் இடித்த தூள் ‘ஜெபெனா’ என்ற கறுத்த மண்கூஜாவுக்குள் போனது. பொங்கியதும் சற்றுத் தெளியவிட்டு, பிடியில்லாத சின்னக் கிண்ணங்களில் ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றினார். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. கூடவே சோளப்பொரி.

இங்கே காப்பிக்குப் பெயர் ‘புன்னா’. ‘புன்னா தபோ நௌ’ என்றார் வீட்டுப் பெரியவர். காப்பிதான் எங்கள் ரொட்டி என்று பொருள். இந்த வருஷம் காப்பிப் பழத்துக்கு என்ன விலை, மகனின் பள்ளிச் செலவு, யார் வீட்டில் கல்யாணம் என்று பேச்சு ஓடியது. ஓட்டுநர் எனக்கு மொழிபெயர்த்துக்கொண்டே வந்தார். காப்பி விற்ற பணம் கைக்கு வந்த பிறகுதான் கூரைத் தகரம் மாற்ற வேண்டுமாம்.

முதல் சுற்று அபோல், நல்ல திடமாக இருந்தது. அதே தூளில் தண்ணீர் சேர்த்துக் கொதிக்க வைத்த இரண்டாவது, தோனா. குடித்துவிட்டு எழப் போனேன். ஓட்டுநர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். மூன்றாவது பெரேகா, அது ஆசீர்வாதம், அதற்கு முன்னால் போகக்கூடாது.

சரி என்று உட்கார்ந்தேன். வெந்நீரில் காப்பி வாசம் மட்டும் மிஞ்சியதுபோல அவ்வளவு லேசாக இருந்தது. அடுத்த வீட்டுப் பெண் ஒருவர் வாசலில் வந்து நிற்க, வீட்டுக்காரம்மா பேச்சை நிறுத்தாமலே இன்னொரு கிண்ணத்தை அலசினார்.