மும்பைக்கு ஏற்ற குயில்ட்

குயில்ட் தைப்பதாகச் சொன்னால், மும்பையில் இருக்கும் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, இந்தப் புழுக்கத்தில் அதை யார் போர்த்திக்கொள்வார்கள் என்பதுதான். நியாயமான கேள்வி. மேலே பல துணிகளை ஒட்டித் தைத்த பகுதி, அடியில் ஒரு முழுத்துணி, இரண்டுக்கும் நடுவே ஓர் அடுக்கு என மூன்றையும் சேர்த்துத் தைத்தால்தான் அது குயில்ட். வண்ணம், வடிவம் என்று மேல்பகுதியைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள்; ஆனால் அது தினமும் கட்டிலில் கிடக்குமா, பரணில் கிடக்குமா என்பதைக் கண்ணுக்குத் தெரியாத நடு அடுக்குதான் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

நடுவில் வைக்கவென்று கடையில் கிடைக்கும் பாலியஸ்டர் வேடிங் என்ற மெத்து விரிப்பு எடை குறைவு, சீக்கிரம் உலரும். ஆனால் வியர்வையை உறிஞ்சாது, சூட்டையும் வெளியே விடாது. அடைத்த பஞ்சோ, டெல்லிக் குளிருக்கு எவ்வளவு நல்லதோ அவ்வளவுக்கு நம் ஜூன், ஜூலை மாத ஈரத்துக்கு ஆகாது. ஒருமுறை நனைந்தால் உள்வரை காய்வதற்கு நாளாகும், அதற்குள் பூஞ்சை வாடை வந்துவிடும். அதனால் நான் நடுவில் வைப்பது துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்திப் புடவை. தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த நம் மாட்டுங்காவில் ஒன்பது கெஜப் புடவை இல்லாத பழைய டிரங்குப் பெட்டி ஏது? "கட்டிக்கறதுக்கும் ஆகாது, கிழிச்சுப் போடவும் மனசு வரலைடி, நீயே எடுத்துண்டு போ" என்று அத்தை கொடுத்த சுங்குடிதான் இப்போது என் மேசையில் இருக்கிறது. ஜரிகை இருந்தால் ஊசி இடறும். மெல்லிய நூல் கரையே உத்தமம்.

ஒன்பது கெஜம் என்பது 324 அங்குலம். அதை 64 அங்குலத் துண்டுகளாக வெட்டினால் ஐந்து கிடைக்கும். நடுவில் புடவையை இரண்டு அடுக்காக வைக்கிறேன். 45 அங்குல அகலமுள்ள இரண்டு துண்டுகளைப் பக்கவாட்டில் சேர்த்தால் ஓர் அடுக்கு. இரண்டாவது அடுக்குக்கு, ஒரு துண்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, முழுத்துண்டின் இருபுறமும் பாதி பாதியாக வைக்க வேண்டும். அப்படிச் செய்தால் இரண்டு அடுக்குகளின் இணைப்பும் ஒரே இடத்தில் விழாது, நடுவில் தடிப்புத் தட்டாது. ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாமல், முட்டவைத்துக் கையால் பிணைப்பது அவசியம். மிச்சமான ஐந்தாவது துண்டைப் பின்னால் வரும் பழுதுகளுக்கு எடுத்து வைத்துவிடலாம்.

மேல்பகுதிக்கு ஐந்து அங்குலச் சதுரங்களை வெட்டுகிறேன். தைத்தபின் அவை நாலரை அங்குலமாகும். குறுக்கே 13, நெடுக்கே 19, ஆக 247 சதுரங்கள். துணிக்கு மங்கள்தாஸ் மார்க்கெட்தான். அங்கே வழக்கப்படி அரை மீட்டர் கேட்டால், 50 சென்டிமீட்டர் என்பது 19.7 அங்குலம், நாலு வரிசைக்கு 20 வேண்டும் என்பதால் மூன்று வரிசைதான் வரும், கிட்டத்தட்ட கால்பங்கு துணி வீண். 55 சென்டிமீட்டராக வாங்கினால் துவைத்துச் சுருங்கிய பிறகும் நாலு வரிசை தேறும். 44 அங்குல அகலத்தில் வரிசைக்கு எட்டு, ஆக 32 சதுரங்கள். எட்டு வகைத் துணி எடுத்தால் போதும், கொஞ்சம் மீதியும் இருக்கும். வெட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் துவைத்தே ஆக வேண்டும். கருஞ்சிவப்பையும் நீலத்தையும் ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்த்து, சாயம் ஏறினால் எவ்வளவு அழகான துணியானாலும் ஒதுக்கிவிடுகிறேன்.

தையலுக்கு விடும் கால் அங்குலம் கால் அங்குலமாகவே இருக்க வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடுதலாகப் பிடித்தால்கூட, ஓர் இணைப்புக்கு எட்டில் ஒரு பங்கு போய்விடும். 13 சதுர வரிசையில் இருக்கும் 12 இணைப்புகளில் அது ஒன்றரை அங்குலம். அடுத்த வரிசையோடு மூலைகள் எப்படிப் பொருந்தும்? ஊசியிலிருந்து கால் அங்குலம் அளந்து, மெஷின் தட்டின்மேல் ஒரு டேப்பை ஒட்டிவிட்டால் இந்தக் கவலை இல்லை.

அடுக்குகளைச் சேர்த்துத் தைப்பதில் என் வழிகாட்டி மேல்மாடி மராத்தி மாவ்ஷி (சித்தி). பழைய புடவைகளை அடுக்கி அவர் தைக்கும் கோதடியில் ஓட்டுத் தையல் விளிம்பில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவுக்குப் போய் முடியும். பஞ்சாக இருந்தால் நெருக்கமாகத் தைக்காவிட்டால் நகர்ந்து திரளும். புடவை முழுத்துணியாகவே இருப்பதால் அந்தப் பயம் இல்லை, மூன்று விரல் இடைவெளி விட்டுத் தாராளமாகத் தைக்கலாம். இடைவெளி கூடும்போது போர்வை தோளில் குழைந்து விழுகிறது. மெஷினில் விறைப்பாக நெருக்கித் தைத்ததைவிட எனக்கு இதுவே பிடித்திருக்கிறது, வேலை நாள்பிடித்தாலும்.

இப்படித் தைத்ததை ஏசி அறையில் வருஷம் முழுக்கப் போர்த்திக்கொள்ளலாம். ஜனவரி விடியற்காலைக்கும் அதுவே போதும். வீட்டு வாஷிங் மெஷினில் அடங்கும், பால்கனிக் கொடியில் ஒரே வெயிலில் காயும். மழைக்காலத்தில் எடுத்து வைப்பதென்றால் பிளாஸ்டிக் உறை மட்டும் வேண்டாம். பழைய வேட்டியில் சுற்றி, வசம்பு போட்டு வைத்தால் காற்றும் போகும், பூச்சியும் அண்டாது.