நெடும்பயணத்துக்கு எந்த பிசினஸ் கிளாஸ் இருக்கை?

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்திலிருந்து அமெரிக்காவிலுள்ள பிள்ளைகளைப் பார்க்கப் புறப்படும் பெற்றோர், தோஹாவிலோ துபாயிலோ சிங்கப்பூரிலோ விமானம் மாற வேண்டியிருப்பதால், அதன் பிறகு வரும் நீண்ட பயணத்துக்கான இருக்கையையே முதலில் கவனிக்க வேண்டும் என்பேன்.

கத்தார் ஏர்வேஸ் 2017-இல் அறிமுகப்படுத்திய கியூசூட் என்னும் பிசினஸ் கிளாஸ் அமைப்பில் ஒவ்வோர் இருக்கைக்கும் சாத்திக்கொள்ளும் கதவு உண்டு. நடுவிலுள்ள சில இருக்கைகளை இரட்டைப் படுக்கையாகவும் ஆக்கலாம் என்பதால், தம்பதியருக்கு அதையே பரிந்துரைப்பேன். ஆனால் சில இருக்கைகள் விமானத்தின் வால்பக்கம் நோக்கியிருக்கும். தலைசுற்றல் உள்ளவர்கள் முன்பதிவின்போதே திசையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் 777-300இஆர் விமானத்தில் சம்மணமிட்டு உட்காரும் அளவுக்கு இருக்கை அகலமானது. எனினும் அதைப் படுக்கையாக்க, எழுந்து நின்று முதுகுச் சாய்வை முன்பக்கம் கவிழ்க்க வேண்டும். பணியாளரை அழைத்தால் விரித்துத் தருவார். கால் வைக்கும் இடம் ஒரு மூலையில் இருப்பதால் உடலைக் குறுக்காகச் சாய்த்தே படுக்க நேரும்; முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது சிரமம்.

எமிரேட்ஸில் விமான வகையே முக்கியம். ஏ380-இல் ஒரு வரிசையில் இரு நடைபாதைகளுக்கு இடையே இரண்டு, இரு ஓரங்களிலும் ஒவ்வொன்று என 1-2-1 அமைப்பு என்பதால் யாரையும் தாண்டாமல் நடைபாதைக்கு வரலாம். பழைய அமைப்புள்ள 777-இலோ 2-3-2; ஜன்னலோரத்திலோ மூன்றின் நடுவிலோ உட்கார்ந்தால் பக்கத்தவரைத் தாண்டித்தான் வர வேண்டும். பயணத்துக்கு முன் விமானம் மாற்றப்படுவதும் உண்டு என்பதால், முதல் நாள் இருக்கை வரைபடத்தை மறுபடி பார்த்துவிடுங்கள்.