முல்லிகன்ஸ் ஃபிளாட் வேலிக்குள் சில இரவுகள்

கான்பராவின் வடக்கு எல்லையில், குங்காலின் பகுதியின் புதிய குடியிருப்புகள் முடியும் இடத்தை ஒட்டியே முல்லிகன்ஸ் ஃபிளாட் சரணாலயத்தின் வேலி செல்கிறது. 2009இல் கட்டி முடிக்கப்பட்ட, 11.5 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த வேலி நரியையும் பூனையையும் வெளியே நிறுத்துவதற்கானது. உள்ளே இருப்பது யூகலிப்டஸ் மரங்கள் புல்வெளியோடு கலந்து நிற்கும் திறந்த காடு. பெட்டாங் கணக்கெடுப்பில் உதவும் மாணவர்களுள் ஒருவனாகக் குளிர்காலத்தில் நான் அங்கே சென்றேன்.

பெட்டாங், கங்காருவுக்கு உறவான, ஒன்றரை முதல் இரண்டு கிலோ எடையுள்ள பைப்பாலூட்டி. ஐரோப்பியர் வேட்டைப் பொழுதுபோக்குக்காகக் கொண்டுவந்த நரி பெருகியதும், 1920களுக்குள் கிழக்கத்திய பெட்டாங் ஆஸ்திரேலியப் பெருநிலத்திலிருந்து அழிந்து, டாஸ்மேனியாவில் மட்டும் எஞ்சியது. அங்கிருந்து கொண்டுவரப்பட்டவை 2012இல் இந்த வேலிக்குள் விடப்பட்டன.

அந்தி சாயும்போது, ஓட்ஸும் வேர்க்கடலை வெண்ணெயும் பிசைந்த உருண்டைகளைக் கூண்டுகளில் வைத்து, குளிர் உள்ளே புகாதபடி அவற்றைச் சாக்கால் மூடிவிட்டு வருவோம். இரவில் திரும்பிச் சென்று, சிக்கிய விலங்கைத் துணிப்பைக்குள் இறக்கி, எடையையும் பாதத்தின் நீளத்தையும் அளந்து, தோலடியில் உள்ள மைக்ரோசிப்பின் எண்ணைப் படித்துக் குறிப்போம். எல்லாவற்றையும்விடக் கவனம் வேண்டியது தாயின் பையைப் பார்க்கும் வேலைதான். மிரண்டுவிட்டால் அது குட்டியைப் பையிலிருந்து உதறிவிடக்கூடும் என்பதால், தேவைப்பட்டால் பையின் வாயை நாடாவால் ஒட்டியே விடுவிப்பார்கள். அந்தப் பொறுப்பை அனுபவமுள்ளவர்களிடம் விட்டுவிட்டு நாங்கள் விளக்குப் பிடித்தோம். அதில் எனக்கு வருத்தம் ஏதுமில்லை.

பகலில் நடந்தால் தரையெங்கும் சிறு குழிகள். மண்ணுக்கடியில் விளையும் காளான்களைத் தேடி பெட்டாங் தோண்டியவை அவை. குழிகளில் நீரும் சருகும் விதைகளும் தங்குகின்றன; மரவேர்களோடு கூடி வாழும் அந்தக் காளான்களின் வித்துகள் எச்சத்தின் வழியே காடெங்கும் பரவுகின்றன. ஆடுமாடுகளின் குளம்பால் இறுகிப்போன நிலத்துக்கு இதைவிட மலிவான உழவு கிடைக்காது என்று தோன்றியது.

2016இல் கிழக்கத்திய குவோல்களும் இங்கே விடப்பட்டன. உடலில் வெண்புள்ளிகள் கொண்ட இந்தச் சிறிய ஊனுண்ணிகள் வேலியை மதிக்கவில்லை; முக்கியமாக ஆண்கள் ஏறிக் குதித்து வெளியேறி, அங்கே மடிந்தன. அதன்பின் பையில் குட்டிகள் உள்ள பெண்களை மட்டுமே ஆய்வாளர்கள் விட்டார்கள். குட்டிகளின் பொறுப்புள்ள தாய் அலைவது குறைவு, குட்டிகளோ உள்ளேயே பிறந்த மண்ணாக அந்த இடத்தை அறிந்து வளர்கின்றன. விடுவிப்பில் பிழைத்தவற்றின் விகிதம் இதனால் தெளிவாக உயர்ந்தது. வேலியை இன்னும் உயர்த்துவதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்த எனக்கு, விலங்கின் இயல்பிலேயே விடையைத் தேடிய இந்த ஆய்வுதான் அங்கு கேட்டவற்றுள் மிகவும் பிடித்தது. வேலிக்கு வெளியேயும் சில ஏற்பாடுகள் உண்டு: அருகிலுள்ள ஃபோர்ட், பொன்னர் குடியிருப்புகளில் வளர்ப்புப் பூனைகளை வீட்டு எல்லைக்குள்ளேயே வைத்திருப்பது சட்டப்படி கட்டாயம்.